முதல் மோட்டோகிராஸ் வண்டி, கையில் 70,000: கடலோரத்தில் எதைப் பார்த்து வாங்குவது?

9 பிப்ரவரி 2025

மோட்டோகிராஸ் என்றால் மேடு பள்ளமான மண் திடலில் ஓட்டும் பைக் பந்தயம். கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டது: "அண்ணே, வயசு 22. உயரம் 5 அடி 5. மொபைல் கடையில வேலை. ரெண்டு வருஷமா சேர்த்த காசு 70,000 இருக்கு. மதுரையில ஜப்பான் 125 டூ ஸ்ட்ரோக் ஒண்ணு, அசல் மோட்டோகிராஸ் வண்டி, 2003 மாடல், 65,000 சொல்றாங்க. கார்புரேட்டர் மட்டும் கழுவணுமாம். ரேஸ் வண்டிக்கு பேப்பர் எதுக்குன்னு கேக்குறார். இல்லன்னா பரமக்குடியில 2013 ஹீரோ இம்பல்ஸ், ரோட்டுலயும் மண்ணுலயும் ஓடுற 150 வண்டி, 48,000. எது எடுக்கலாம்?"

மதுரை வண்டியை எடுக்காதே. கார்புரேட்டர் கழுவ முன்னூறு நானூறு ரூபாய் ஆகும். அதைச் செய்து ஸ்டார்ட் ஆக்கிக் காட்டினால் பத்தாயிரம் கூடுதலாகக் கேட்கலாம் என்று விற்கிறவருக்குத் தெரியாதா? செய்யாமல் வைத்திருக்கிறார் என்றால் கோளாறு கார்புரேட்டரில் இல்லை.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். 2016-ல் இதே ரகம், ஒரு 125 டூ ஸ்ட்ரோக், 60,000 கொடுத்து வாங்கினேன். விற்றவர் உதைத்துக் காட்டினார், கத்திக்கொண்டு ஸ்டார்ட் ஆனது. அந்தச் சத்தத்தில் மனது போய்விட்டது. உச்சிப்புளிக்குக் கொண்டுவந்து மூன்றாவது ஞாயிறு, பனங்காட்டு மணலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழிருந்து கடகடவென்று அடித்து நின்றது. பிரித்தால் பிஸ்டனையும் கீழே சுழலும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராட்டின் பேரிங் மணலில் அரைபட்டுப் போயிருந்தது. இறக்குமதி வண்டி என்பதால் கிராங்க் சாமான் வர ஏழு வாரம். மொத்தம் 38,000 செலவு. அந்த வருடம் நான் வண்டி ஓட்டியது பதினோரு நாள்.

டூ ஸ்ட்ரோக்கில் ஒன்று புரிந்துகொள்ள வேண்டும். உள்ளே இழுக்கும் காற்று நேராக சிலிண்டருக்குப் போவதில்லை. முதலில் இன்ஜினின் அடியில் உள்ள கிராங்க் கேஸுக்குள் இறங்கி, பேரிங்கைச் சுற்றி, அப்புறம்தான் மேலே ஏறுகிறது. ஏர் ஃபில்டர் தாண்டி ஒரு சிட்டிகை மணல் போனால் பிஸ்டனோடு நிற்காது, கீழே இருக்கும் எல்லாவற்றையும் தின்னும். நம் ஊர் மணல் எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும்.

இம்பல்ஸைப் போய்ப் பார். ஆனால் 48,000 கொடுக்காதே. காரணத்தைப் பிறகு எழுதுகிறேன்.

10 பிப்ரவரி

பேப்பர் விஷயம் நேற்று விட்டுப்போனது.

அசல் மோட்டோகிராஸ் வண்டியில் ஹெட்லைட் கிடையாது, இண்டிகேட்டர் கிடையாது, நம்பர் பிளேட் கிடையாது. அது பந்தயத் திடலுக்கென்றே செய்தது, ரோட்டில் ஏற்றக்கூடாது. அதில் ரகசியம் எதுவுமில்லை. ஆனால் இறக்குமதி ஆன வண்டிக்கும் கஸ்டம்ஸ் கட்டிய ரசீது, வாங்கிய பில், சேஸிஸ் நம்பர் எழுதிய ஒரு விற்பனைக் கடிதம் இருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் அந்த வண்டி யாருடையது என்று நாளைக்கு உன்னால் சொல்ல முடியாது.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார். கீழக்கரையிலிருந்து ஓட்டுகிற இடத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிப் போக முடியாதே, ஒவ்வொரு தடவையும் குட்டி யானை பிடிக்கணும். எனக்கு உச்சிப்புளியில் போய்வர 800 கேட்டார்கள். மாதம் நாலு ஞாயிறு, 3,200. மொபைல் கடைச் சம்பளத்தில் அது பெரிய ஓட்டை. ஆர்சி புக் உள்ள வண்டியென்றால் விடிகாலையில் நீயே ஓட்டிக்கொண்டு போய், ஓட்டிப் பழகி, அதிலேயே திரும்பலாம்.

16 பிப்ரவரி

வண்டி பார்க்கப் போகும்போது என்ன பார்ப்பது என்று தம்பி கேட்டிருக்கிறார், இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நான் பார்க்கிற வரிசையில் எழுதுகிறேன்.

போவதற்கு முன்னால் போன் செய்து, "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிடு. போனதும் முதலில் இன்ஜின் மேல் கை வை. சூடாக இருந்தால் சேதி இருக்கிறது. ஆறிய இன்ஜின் எத்தனை உதையில் எழும்புகிறது என்பதுதான் உனக்கு வேண்டும். அப்புறம் ஓடவிட்டுச் சூடானதும் நிறுத்தி மறுபடி உதைத்துப் பார். ஆறியதில் எழும்பி, சூட்டில் எழும்பாமல் மக்கர் பண்ணும் ஃபோர் ஸ்ட்ரோக்கில் வால்வ் சந்தேகம் வரணும். வால்வ் தேயத் தேய இடைவெளி குறைந்துகொண்டே போய், சூட்டில் சரியாக மூடாமல் நிற்கும். அசல் மோட்டோகிராஸ் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் இந்த வேலை வந்தால் செலவு வண்டி விலையில் பாதிக்குப் போகும்.

அடுத்தது ஏர் ஃபில்டர். இதைத் திறந்து காட்ட மாட்டேன் என்றால் அங்கேயே நின்றுவிடு. ஃபில்டர் அழுக்காக இருப்பது தப்பில்லை, அழுக்குப் பிடிக்கத்தானே அது இருக்கிறது. ஃபில்டரை எடுத்துவிட்டு, அதற்கு அந்தப்பக்கம் இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாய்க்குள் விரலை விட்டுத் தடவு. விரல் சுத்தமாக வரணும், இல்லையென்றால் லேசான எண்ணெய்ப் பிசுக்கோடு வரணும். திருநீறு மாதிரித் தூள் ஒட்டினால் அந்த இன்ஜின் மணல் தின்றிருக்கிறது. மீட்டர் 12,000 காட்டினாலும் நம்பாதே.

பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டு. டக் டக் என்று ஆட்டம் தெரிந்தால் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷோ லிங்க் பேரிங்கோ போயிருக்கிறது. முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பு. நடுவில் ஒரு இடத்தில் பள்ளத்தில் விழுகிற மாதிரி நின்றால் ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட் காலி. ஃபோர்க் குழாயைத் துணியால் துடைத்துவிட்டு முன்பிரேக்கைப் பிடித்து நாலு தரம் அமுக்கு. எண்ணெய் வளையம் தெரிந்தால் சீல் போச்சு. இது சின்னச் செலவுதான், ஆனால் பேரம் பேச உதவும்.

செயினைப் பின் ஸ்பிராக்கெட்டின் நடுவில் பிடித்துப் பின்னால் இழு. பல் பாதிக்குமேல் வெளியே தெரிந்தால் செட்டாக மாற்றணும். ஸ்போக்ஸை ஒரு ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே சக்கரத்தைச் சுற்று. எல்லாம் ஒரே மாதிரி 'டிங்' என்று கேட்கணும். 'தொப்' என்று கேட்பது தளர்ந்தது. நம் பக்கத்து வண்டியென்றால் ஸ்போக்ஸ் ரிம்மில் ஏறும் இடத்தில், அந்த நிப்பிள் திருகுமா என்று பார். உப்பில் இறுகிப்போன நிப்பிள் டைட் வைத்தால் திரும்பாது, ஒடிந்துவிடும்.

கடைசியாக சேஸிஸ். சீட்டைக் கழற்றி, டேங்குக்குக் கீழே டார்ச் அடித்துப் பார். வெல்டிங் வைத்த இடத்தில் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேள். ஹேண்டில் தண்டுக்குக் கீழே இருக்கும் நம்பரை ஆர்சி புக்கோடு எழுத்தெழுத்தாகச் சரிபார்.

கிக்கரில் ஏறி நின்று பார்க்கும் சோதனையும் உண்டு. உன் எடைக்குக் கிக்கர் மெதுவாக, எதிர்ப்போடு இறங்கினால் கம்ப்ரஷன் இருக்கிறது. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், இதை நம்பலாம்.

17 பிப்ரவரி

நேற்றைய கடைசிப் பத்தியைத் திருத்துகிறேன். கிக்கர் சோதனையைத் தனியாக நம்பாதே.

மண்டபத்தில் ஃபைபர் வள்ளங்களுக்கு அவுட்போர்டு இன்ஜின் பார்க்கும் ஒரு மேஸ்திரியிடம் நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன். முப்பது வருடமாக டூ ஸ்ட்ரோக் பிரித்துக்கொண்டிருப்பவர். கேட்டுவிட்டு, "பிளக்கைக் கழற்றி ரெண்டு மூடி எண்ணெய் உள்ள விட்டா எந்தச் செத்த இன்ஜினும் கிக்கர்ல கம்ப்ரஷன் காட்டுமே, தம்பி" என்றார். உண்மைதான். எண்ணெய் ரிங்குக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள இடைவெளியை அடைத்துக்கொள்ளும். பத்து நிமிடம் ஓடினால் எண்ணெய் எரிந்துபோய் பழைய கதை. எனக்கு 2016-ல் விற்ற வண்டியில் இதைத்தான் செய்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. ஸ்டார்ட் செய்த முதல் இரண்டு நிமிடம் தெருவே மறைகிற அளவுக்குப் புகை வந்தது, டூ ஸ்ட்ரோக் என்றால் புகைதானே என்று விட்டுவிட்டேன்.

ஆகவே இப்படிச் செய்: இருபது நிமிடமாவது ஓட்டு, நன்றாகச் சூடேறட்டும், அப்புறம் கிக்கரில் ஏறி நின்று பார். கம்ப்ரஷன் கேஜ் உள்ள மெக்கானிக்கைக் கூட்டிப்போக முடிந்தால் ரொம்ப நல்லது.

மேஸ்திரி சொன்ன இன்னொன்று: பக்கவாட்டு மூடியைக் கழற்ற விட்டால், உள்ளே கிராங்கோடு சேர்ந்து சுற்றும் மேக்னெட்டைத் திருப்பி பிஸ்டனை மேலே கொண்டுவந்து நிறுத்தி, மேக்னெட்டை இப்படியும் அப்படியும் லேசாக அசைத்துப் பார்க்கணும். பிஸ்டன் உடனே அசையாமல் நடுவில் ஒரு வெற்று அசைவு கையில் தட்டுப்பட்டால் கனெக்டிங் ராட் தேய்ந்திருக்கிறது. நம் கடற்கரையில் டூ ஸ்ட்ரோக் தெரிந்த ஆளுக்குப் பஞ்சமே இல்லை. பைக் பட்டறையில் தேடாமல் வள்ளக்கரையில் தேடுங்கள்.

23 பிப்ரவரி

தொண்டியிலிருந்து ஒருவர்: "ஆர்எக்ஸ் 100 வாங்கி மண்ணுக்கு மாற்றினால் என்ன? அந்தக் காலத்தில் எல்லோரும் அதில்தானே ஓட்டினார்கள்?"

ஓட்டினார்கள். 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோ சுமார். நம் நாட்டு மண் பந்தயத்துக்கு எத்தனையோ பேர் அதை வெட்டி ஒட்டி ஓட்டிப் பழகியவர்கள். ஆனால் அது 1985-லிருந்து 1996 வரை வந்த வண்டி. இன்றைக்கு நல்ல நிலையில் உள்ளதை வைத்திருப்பவர் அதைப் பொக்கிஷம் மாதிரி வைத்திருக்கிறார், விலையும் அப்படியே சொல்கிறார். அந்த விலை கொடுத்து வாங்கி சேஸிஸை வெட்ட எனக்கு மனம் வராது. மலிவாகக் கிடைப்பதில் அசல் சாமான் எதுவும் மிச்சம் இருக்காது. அப்புறம் முன்ஷாக் சாலைக்கானது, மேட்டில் குதித்தால் கை மணிக்கட்டில் தெரியும்.

ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். பட்ஜெட் ஒரு லட்சம் வரை நீளுமானால் அதைத்தான் முதலில் சொல்வேன். முன்சக்கரம் 21 அங்குலம், பின்னால் 18, அதனால் மண்ணைப் பிடிக்கும் கட்டைகள் உள்ள நாபி டயர் தேடி அலைய வேண்டாம். முன்ஷாக் 190 மில்லிமீட்டர் இறங்கும். 2025 ஜனவரியில் எக்ஸ்பல்ஸ் 210 வந்துவிட்டது, பழையதைக் கொடுத்துவிட்டு மாறுகிறவர்கள் இருப்பார்கள், ஆறு மாதம் பொறுத்தால் நல்ல வண்டி சிக்கலாம். ஆனால் எடை 150 கிலோவுக்கு மேல். மணலில் சாய்ந்தால் தனியாளாகத் தூக்கணும். 58 கிலோ உள்ள தம்பிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இம்பல்ஸ் 134 கிலோ. முன்ஷாக் 180, பின்ஷாக் 150. அசல் மோட்டோகிராஸ் வண்டியில் இந்த எண் 300-ஐ ஒட்டி இருக்கும், எடை நூறு கிலோ அளவில் இருக்கும். அந்த வித்தியாசத்தை மறைக்க நான் விரும்பவில்லை. இம்பல்ஸில் பெரிய மேடு தாண்டிப் பறக்க முடியாது, பறந்தால் சேஸிஸ் அடிவாங்கும். ஆனால் எழுந்து நின்று ஓட்டுவது, மணலில் ஹேண்டில் தானாக ஆடும்போது பயப்படாமல் விடுவது, வளைவில் உள்காலை முன்னே நீட்டுவது, முன்பிரேக்கை எவ்வளவு பிடிப்பது, இத்தனையும் அதில் படிக்கலாம். இதைப் படிக்கவே உனக்கு ஒரு வருடம் ஆகும், எனக்கு அதற்கு மேலும் ஆனது.

2 மார்ச், இரவு

இன்று தம்பியோடு பரமக்குடி போய்வந்தேன். அவர் நேற்று போன் பண்ணி, "அண்ணே, தனியாப் போனா வாங்கிட்டு வந்துருவேன்" என்றார். அந்த பயம் எனக்குப் புரிந்தது, கிளம்பிவிட்டேன்.

வண்டி ஒரு வீட்டு மாட்டுத்தொழுவத்தில் நின்றது. வைத்திருந்தவர் நிலம் வைத்து விவசாயம் பார்ப்பவர், வயக்காட்டுக்குப் போய்வரத்தான் ஓட்டியிருக்கிறார். இரண்டாவது ஓனர். ஆர்சி அவர் பெயரிலேயே இருந்தது, கடன் எதுவும் புக்கில் ஏறவில்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன். டியூ முடிந்த வண்டியிலும் பைனான்ஸ் பெயர் நீக்காமல் கிடக்கும், அதற்குப் பிறகு அலைவது வாங்கியவன்தான்.

இன்ஜினைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. நாலாவது உதையில் எழும்பியது. இரண்டு நிமிடம் சைலன்சரைப் பார்த்துக்கொண்டே நின்றேன், புகை இல்லை. நிறுத்திவிட்டுப் பக்க மூடியைக் கழற்றினோம்.

ஃபில்டர் கறுத்துப்போய், ஓரத்தில் நெல் உமி ஒட்டியிருந்தது. தம்பி முகம் வாடிவிட்டது. ஃபில்டரை வெளியே எடுத்து, அவர் விரலையே உள்ளே விடச் சொன்னேன். சட்டைக் கையை மடித்துவிட்டு நடுவிரலை ரப்பர் குழாயின் அடிவரை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி வெளியே எடுத்தார். வெயிலில் நீட்டிப் பார்த்தோம். நுனியில் தேன் நிறத்தில் மெல்லிய எண்ணெய், அவ்வளவுதான். கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கச் சொன்னேன். நறநற இல்லை. அந்த மனிதர் ஃபில்டரைக் கழுவியதில்லை, ஆனால் அது தன் வேலையைச் செய்திருக்கிறது, ஓரத்து ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறது.

மற்றதெல்லாம் வேலை உள்ள வண்டிதான். கோன் செட் பள்ளம் விழுந்திருந்தது. வலது ஃபோர்க் சீல் ஒழுகியது. பின் ஸ்பிராக்கெட் பல் சுறாப்பல் மாதிரி வளைந்திருந்தது. பின்சக்கரத்தில் மூன்று ஸ்போக்ஸ் தொப் தொப் என்றது, ஒன்று இல்லவே இல்லை. டயர் இரண்டும் மொட்டை. இருபது நிமிடம் வைகை மணலில் ஓட்டிவந்தேன். இரண்டாவது கியர் விழாமல் நின்றது, கிளட்ச் வழுக்கவில்லை.

திரும்பிவந்து ஒவ்வொன்றையும் ஓனரிடம் தொட்டுக் காட்டித்தான் விலை பேசினோம். எதையும் கூட்டிச் சொல்லவில்லை. 48,000 கேட்டவர் 43,000-க்கு இறங்கினார். இன்னும் இரண்டாயிரம் குறைத்திருக்கலாம் என்று தம்பிக்கு ஆசை. அந்த மனிதர் எல்லா மூடியையும் திறக்கவிட்டு, மோர் கொடுத்து உட்காரவைத்தவர். நான்தான் போதும் என்றேன்.

படிவம் 29, 30 இரண்டிலும் அங்கேயே கையெழுத்து வாங்கிவிட்டோம். 2013 வண்டி, ஆர்சி 15 வருடம், 2028 வரை ஓடும். அதற்குப் பிறகு புதுப்பிக்கும் செலவு உண்டு என்பதையும் விலையில் நினைத்துக்கொள்ள வேண்டும்.

3 மார்ச்

சின்னத் திருத்தம். இம்பல்ஸ் இன்ஜின் சாமான் எல்லாம் ஹீரோவின் ஹங்க் வண்டியுடையதே பொருந்தும் என்று தம்பியிடம் போனில் சொல்லியிருந்தேன். இன்ஜின் அதே 149.2 சிசி குடும்பம்தான். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதே. பழைய சாமானைக் கையில் எடுத்துப்போய், கடையில் பார்ட் நம்பர் ஒப்பிட்டு வாங்கு. மட்கார்டு, டேங்க் ஓரம் போன்ற மேல்பாடி சாமான்தான் கிடைப்பது கஷ்டம். அதை உடைக்காமல் பார்த்துக்கொள், அல்லது உடைந்தால் உடைந்தபடி ஓட்டு.

23 மார்ச்

கணக்கு கேட்டவர்களுக்கு. வண்டி 43,000. பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் சேர்த்து 3,200. செயின் ஸ்பிராக்கெட் செட் 2,400. ஃபோர்க் சீல், எண்ணெய் 900. பின்சக்கர ஸ்போக்ஸ் வேலை 1,100. கோன் செட் 650. டயர் இரண்டும் 5,200, முன்பக்கம் 19 அங்குலம் என்பதால் மதுரை முழுக்க அலைந்து மூன்றாவது கடையில் கிடைத்தது. புது ஃபோம் ஃபில்டர் 600. ஹெல்மெட், பூட், முழங்கால் கவசம் மூன்றும் 11,000. மொத்தம் 68,050.

11,000-ஐப் பார்த்து ஒருவர், "அதை வண்டியில் போட்டிருந்தால் இன்னும் நல்ல வண்டி வந்திருக்குமே" என்று எழுதியிருக்கிறார். அப்படி வாங்கிவிட்டு சாதா செருப்போடு ஓட்டிய என் நண்பனுக்கு வண்டி கணுக்கால் மேல் சாய்ந்தது. வேகம் பத்துகூட இருக்காது. நாலு மாதம் கட்டு. பூட் வாங்கப் பணம் மிஞ்சாத வண்டி உன் பட்ஜெட்டுக்கு மேலே உள்ள வண்டி. மதுரை 125-ஐ வாங்கியிருந்தால் தம்பி கையில் 5,000 மிஞ்சியிருக்கும்.

6 ஏப்ரல்

எங்கே ஓட்டுவது? "கடற்கரை இருக்கே" என்று நாலு பேர் எழுதியாயிற்று. கடற்கரையில் ஓட்டாதீர்கள். கெஞ்சியே கேட்கிறேன்.

இந்த மாதங்களில் பங்குனி ஆமை கரையேறி முட்டையிடுகிறது. குழி மேலே மூடியிருக்கும், நமக்குத் தெரியாது. நாபி டயர் ஒரு தடவை ஏறினால் போதும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986-லிருந்து தேசியப் பூங்கா, வனத்துறை சும்மா விடாது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கரைவலை இழுக்கிற இடம் அது. நூற்றுக்கணக்கான மீட்டர் கயிறு மணலில் கிடக்கும். விடிகாலையில் பாசி எடுக்கப் போகிற பெண்கள் அந்த வழியாகத்தான் நடக்கிறார்கள். அவர்கள் பிழைப்பு நடக்கும் இடத்தில் நாம் விளையாடக் கூடாது.

கேட்டுவிட்டு ஓட்டினால் இடம் நிறைய இருக்கிறது. எனக்கு உச்சிப்புளிப் பக்கம் ஒரு பனங்காட்டுக்காரர் விட்டிருக்கிறார். அவர் கேட்டது இரண்டுதான்: கள்ளிவேலியை உடைக்காதே, பதநீர் இறக்குகிற மாதங்களில் காலை எட்டுக்கு முன் சத்தம் போடாதே. கோடையில் வற்றிய கண்மாய் இன்னொரு இடம், ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டு.

18 மே

தம்பியின் முதல் முழு நாள். வற்றிய கண்மாய்.

மணலுக்கு டயர் காற்றை 14 வரை இறக்குகிறேன், கண்மாய்க் களிமண் வெடித்து இறுகியிருப்பதால் 18 வைத்தோம். குறைத்தால் வெடிப்பு விளிம்பில் டியூப் கடிபடும். சீமைக்கருவேல முள் வேறு. ஒரு டியூபும் பஞ்சர் சாமானும் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

ஓட்டுவதற்கு முன் கண்மாயை முழுக்க நடந்து பார்த்தோம். அது நல்லதாகப் போயிற்று. வயலுக்குக் கரம்பை மண் அள்ளிய குழிகள், இடுப்பளவு ஆழம், விளிம்பு செங்குத்து. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் தரை சமமாகத் தெரிகிறது. பக்கத்தில் போனால்தான் குழி. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு பனைமட்டையை நட்டுவைத்தோம்.

தம்பி ஆறு தரம் விழுந்தார். ஆறு தரமும் தானே தூக்கினார். மதியம் நிழலில் உட்கார்ந்தபோது, "எக்ஸ்பல்ஸா இருந்தா நாலாவதோட வீட்டுக்குப் போயிருப்பேன்" என்றார்.

29 ஜூன்

இரண்டு விஷயம். இரண்டாவதில் நான் என் பழைய கருத்தை மாற்றிக்கொள்கிறேன்.

ஒன்று, கழுவுவது. தம்பி ஒவ்வொரு ஞாயிறும் வண்டியை நன்றாகக் கழுவுகிறார். ஆனாலும் ஆறு வாரத்தில் ஸ்போக்ஸ் நிப்பிளில் வெள்ளை பூத்துவிட்டது, வயர் ஜாயின்ட்டில் பச்சை. எனக்குப் புரியவே இல்லை. போன வாரம் அவர் வீட்டுக்குப் போனபோது கை கழுவினேன், தண்ணீர் வாயில் பட்டது. கரித்தது. போர் தண்ணீர்! உப்புப் போக உப்புத் தண்ணீரில் கழுவியிருக்கிறார். நம் ஊரில் குடிக்கிற தண்ணீரைக் குடம் விலை கொடுத்து வாங்குகிறோம், அதில் வண்டி கழுவு என்று யாரிடமும் சொல்ல முடியாது. நான் செய்வது இது: மண் காய்ந்ததும் தென்னை ஈர்க்குமாற்றால் தட்டிவிட்டு, அரை வாளி நல்ல தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைக்கிறேன். ஸ்போக்ஸ் நிப்பிளுக்கும் செயினுக்கும் பழைய இன்ஜின் ஆயிலைப் பிரஷ்ஷால் தொட்டுவைக்கிறேன், பிரேக் பக்கம் படாமல். மழை நாளில் வண்டியை முற்றத்தில் நிறுத்திவிட்டால் போதும்.

இரண்டு, கடலோர வண்டியே வாங்கக்கூடாது, உள்நாட்டு வண்டிதான் வேண்டும் என்று சிலரிடம் தனியாகச் சொல்லிவந்தேன். அது சரியில்லை. ஏர்வாடியில் ஒரு மீன் வியாபாரியின் வண்டியைப் பார்த்தேன், அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் ஊரே கூப்பிடுகிறது. எட்டு வருடம் கடலோரத்திலேயே ஓடிய வண்டி. ஐஸ் உருகிய தண்ணீரும் மீன் தண்ணீரும் அதன் மேல் ஊற்றாத நாளில்லை. ஆனால் தினமும் துடைத்து எண்ணெய் காட்டியிருக்கிறார். ஸ்விங் ஆர்ம் போல்ட் கையால் திருகினால் வருகிறது. திண்டுக்கல்லில் போன மாதம் பார்த்த உள்நாட்டு வண்டியில் அதே போல்ட்டை அடித்து எடுக்க வேண்டியிருந்தது. ஊரைப் பார்த்து ஒதுக்காதீர்கள். அந்த ஒரு போல்ட் கழல்கிறதா என்று கேட்டால் வண்டி எப்படி வளர்ந்தது என்று தெரிந்துவிடும்.

இப்போது கச்சான் காற்று, மேற்கிலிருந்து அடிப்பது. ஓட்டாவிட்டாலும் மணல் பறந்து உள்ளே போகும். ஃபில்டரைப் பத்து நாளுக்கு ஒரு தரம் கழுவுங்கள். மண்ணெண்ணெயில் அலசி, சோப்புத் தண்ணீரில் பிழிந்து, நிழலில் காயவைத்து, எண்ணெய் தடவி, ஓரத்து ரப்பரில் கிரீஸ் வைத்து மாட்டுங்கள். முறுக்கிப் பிழிந்தால் ஃபோம் கிழியும், உள்ளங்கையில் வைத்து அமுக்கினால் போதும்.

10 ஆகஸ்ட்

தம்பி கேட்கிறார்: "அண்ணே, இப்ப அசல் மோட்டோகிராஸ் எடுக்கலாமா?" மதுரை 125 இன்னும் விற்கவில்லையாம், 50,000-க்கு வந்திருக்கிறது.

ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். இலேசான டூ ஸ்ட்ரோக் மணலில் எழும்பும்போது வரும் அந்தச் சத்தத்துக்காக நானும்தான் 60,000 கொடுத்தேன். இந்தத் தடவை பதில் வேறு. இம்பல்ஸை விற்காதே. தனியாக 50,000 வண்டிக்கும், இன்னொரு 40,000 இன்ஜினுக்கும் சேர்த்துவிட்டு வா. கிராங்க் கிட், பிஸ்டன், சீல் எங்கே கிடைக்கும், எத்தனை நாளில் வரும் என்று வண்டி வாங்குவதற்கு முன்னாலேயே விசாரித்து எழுதி வை. கிடைக்காது என்றால் அந்த மாடலை விட்டுவிடு. பில்லோ ரசீதோ இல்லாமல் அப்போதும் வேண்டாம். டூ ஸ்ட்ரோக்குக்கு 32-க்கு 1 என்று எண்ணெய் கலக்கணும், ஐந்து லிட்டருக்கு 155 மில்லி சுமார். கலந்ததை மாதக்கணக்கில் வைக்காதே. இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், நம் கடல் காற்றில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓட்டி முடித்ததும் கார்புரேட்டரைக் காலி பண்ணிவிட்டு நிறுத்து.

மண்டபம் மேஸ்திரி வருகிறேன் என்றிருக்கிறார். அடுத்த ஞாயிறு மூவரும் மதுரை போய்ப் பார்க்கிறோம், வாங்க இல்லை. பக்க மூடியைத் திறக்க விடுகிறாரா என்று மட்டும் பார்க்க.

17 ஆகஸ்ட்

திறக்க விடவில்லை. மீனாட்சி அம்மன் கோவில் பக்கம் ஜிகர்தண்டா குடித்துவிட்டு வந்துவிட்டோம். தம்பி பஸ்ஸில் வரும்போதே பின் ஸ்பிராக்கெட்டை இரண்டு பல் பெரிதாக்கினால் மணலில் இழுவை கூடுமா என்று கேட்டார். கூடும். மேல்வேகம் கொஞ்சம் குறையும், கண்மாயில் அது தேவைப்படாது. செயின் ஒரு கண்ணி நீளம் தேவைப்படலாம், வாங்குவதற்கு முன் அளந்து பார்.